ஆன்லைனில் வாங்கிய ஆர்க்கிட் விதை ஏன் முளைப்பதில்லை? வீட்டு குக்கரும் இளநீரும் இருந்தால் முடியுமா? - விரிவான விளக்கம்

ஆன்லைன் விற்பனைத் தளங்களில் 'ஆர்க்கிட் விதை' என்று தேடிப் பாருங்கள். நீலம், கறுப்பு, வானவில் நிறம் என்று கண்ணைப் பறிக்கும் படங்கள் வரிசையாக வரும். "நூறு விதைகள், தொட்டியில் தூவித் தண்ணீர் தெளித்தால் போதும்" என்று கீழே எழுதியிருக்கும். விலையும் கையைக் கடிக்காது. வாங்கித்தான் பார்ப்போமே என்று பலரும் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள்.

தூத்துக்குடி மாவட்டம் ஆழ்வார்திருநகரியில் ஒருவர் அப்படி ஒரு பாக்கெட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்மாழ்வாருக்கும் உறங்காப்புளிக்கும் பெயர்பெற்ற ஊர் இது. பக்கத்திலேயே தாமிரபரணி, சுற்றிலும் நெல்லும் வாழையும். நாற்றங்கால் போடுவதும் விதை நேர்த்தி செய்வதும் இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்தத் தொட்டியில் ஒரு மாதம் கழித்தும் ஒன்றும் வராது. இல்லையென்றால் ஏதோ ஒரு புல்லோ, பெயர் தெரியாத செடியோ எட்டிப் பார்க்கும். மண் சரியில்லையோ, தண்ணீர் அதிகமாகிவிட்டதோ என்று அவர் தன்னையே நொந்துகொள்வார்.

தவறு அவர் மேல் இல்லை. உண்மையான ஆர்க்கிட் விதையாகவே இருந்தாலும், தொட்டி மண்ணில் தூவி முளைக்க வைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஏன் அப்படி? வீட்டில் விதையிலிருந்து ஆர்க்கிட் வளர்க்க வழியே இல்லையா? இருக்கிறது. ஆனால் அதற்கு மண்வெட்டி உதவாது, பிரஷர் குக்கர்தான் வேண்டும். முழு விவரத்தையும் பார்க்கலாம்.

பாக்கெட்டில் இருப்பது ஆர்க்கிட் விதைதானா?

முதலில் இதைத் தெரிந்துகொள்வோம். பாக்கெட்டைப் பிரித்தால் கடுகு அளவிலோ, துளசி விதை அளவிலோ கெட்டியான மணிகள் இருக்கின்றனவா? அப்படியென்றால் அது ஆர்க்கிட் விதை இல்லை. சந்தேகமே வேண்டாம்.

ஆர்க்கிட் விதை பார்ப்பதற்குத் தூசி மாதிரி இருக்கும். வெளிர் மஞ்சள் அல்லது பழுப்பு நிறப் பொடி. அருகில் தும்மினால் பறந்துவிடும். ஒரு விதையின் எடை ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் கணக்கிடப்படுகிறது. ஒரு நெல்மணியின் எடைக்கு ஆயிரக்கணக்கான ஆர்க்கிட் விதைகளை வைக்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட பொடியை "நூறு எண்ணிக்கை" என்று யாராலும் எண்ணிப் போட முடியாது.

நம்மில் பலர் ஆர்க்கிட் விதையை ஏற்கெனவே சாப்பிட்டிருக்கிறோம் என்பதும் உண்மை. வனிலா ஒரு ஆர்க்கிட் கொடி. அசல் வனிலா காயைப் பிளந்தால் உள்ளே கருப்பாக, நறநறவென்று சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். அவைதான் அதன் விதைகள். ஆர்க்கிட் குடும்பத்தில் இவ்வளவு கெட்டியான கருப்பு விதை இருப்பதே அபூர்வம். மற்றவை இதைவிட லேசானவை.

ஒரு காயில் எத்தனை விதைகள்? இனத்தைப் பொறுத்து சுமார் 1,300 முதல் 40 லட்சம் வரை இருக்கலாம் என்று தாவரவியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினுக்கும் இந்த எண்ணிக்கை வியப்பாகத்தான் இருந்தது. இங்கிலாந்தில் வளரும் ஒரு ஆர்க்கிட்டின் காயில் சுமார் 6,200 விதைகளும், முப்பது காய் பிடித்த ஒரு செடியில் மொத்தம் 1.86 லட்சம் விதைகளும் இருப்பதாக அவர் கணக்குப் போட்டார். அத்தனையும் முளைத்தால், அந்த ஒரு செடியின் கொள்ளுப் பேரப்பிள்ளைகளே பூமியின் நிலப்பரப்பு முழுவதையும் ஏறக்குறைய மூடிவிடும் என்பது அவர் முடிவு. ஆனால் அப்படி நடக்கவில்லையே! லட்சக்கணக்கில் விதை இருந்தும் ஆர்க்கிட் ஏன் அரிதாகவே கண்ணில் படுகிறது?

நெல்லிடம் இருக்கும் கட்டுச்சோறு ஆர்க்கிட்டிடம் இல்லை

இதற்குப் பதில் நாம் தினமும் சாப்பிடும் சோற்றிலேயே இருக்கிறது.

ஒரு நெல்மணியை எடுத்துக்கொள்வோம். உமியை நீக்கினால் அரிசி. அதன் ஒரு ஓரத்தில் மிகச் சிறியதாக ஒட்டிக்கொண்டிருப்பதுதான் கரு, அதாவது நாளைய நெற்பயிர். மிச்சமுள்ள வெள்ளைப் பகுதி முழுக்க அந்தக் குழந்தைக்குத் தாய்ச்செடி சேர்த்து வைத்த உணவு. பாடப்புத்தகத்தில் இதற்குக் கருவூண் என்று பெயர். முளை விட்டு, வேர் பிடித்து, பச்சை இலை வந்து, தானே சமைத்துக்கொள்ளும் வரைக்கும் நெல் நாற்று இந்தக் கட்டுச்சோற்றில்தான் உயிர் வாழ்கிறது. நாம் அதைத்தான் எடுத்து உலை வைக்கிறோம்.

ஆர்க்கிட் விதையில் இந்தக் கருவூண் இல்லை. மெல்லிய ஒரு உறை, உள்ளே சில செல்களால் ஆன முழுமையடையாத கரு, சுற்றிலும் காற்று. அவ்வளவுதான். எடை குறைவாக இருந்தால்தான் காற்றில் மிதந்து மரத்துக்கு மரம் போய் ஒட்ட முடியும். அதற்காகத் தாய்ச்செடி பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறது. ஈர மண்ணில் விழுந்தாலும் முளைப்பதற்கான சக்தி அந்தக் கருவிடம் கிடையாது. கொஞ்சம் உப்பலாம், பச்சைகூட ஆகலாம். அதற்கு மேல் நகராது.

அப்படியானால் காட்டில் மட்டும் எப்படி முளைக்கிறது?

சோறு ஊட்டுவது பூஞ்சை. மண்ணிலும் மரப்பட்டையிலும் வாழும் சில வகைப் பூஞ்சைகள் நூல் நூலாகப் பரவிக்கொண்டே போகும். அந்த நூல் ஒன்று ஆர்க்கிட் விதைக்குள் நுழைந்துவிட்டால், விதை அதைச் செரித்து, அதிலிருந்து சர்க்கரையும் சத்துகளும் எடுத்துக்கொள்கிறது. சரியான வகைப் பூஞ்சை இருக்கும் சரியான இடத்தில் விழுந்த விதைக்கு மட்டும்தான் இந்த வாய்ப்பு. லட்சத்தில் மிகச் சில விதைகளே செடியாவதற்குக் காரணம் இதுதான்.

இந்த உறவை 1899-ல் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார். காட்டில் இயற்கையாக முளைத்துக் கிடந்த ஆர்க்கிட் நாற்றுகளை எடுத்து ஆராய்ந்தபோது, எல்லாவற்றின் உள்ளேயும் பூஞ்சை நூல் இருப்பதைப் பார்த்தார். அதற்கு முன்பு ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் தாய்ச்செடியின் வேரடியில் விதையைத் தூவி வைப்பார்கள். சில நேரம் முளைக்கும், பல நேரம் முளைக்காது. தாய்ச்செடி வேரில் இருந்த பூஞ்சைதான் வேலை செய்தது என்பது பெர்னாருக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வோம். மரத்தில் ஒட்டி வளர்வதால் ஆர்க்கிட்டையும் புல்லுருவி என்று சிலர் நினைக்கிறார்கள். புல்லுருவி மரத்துக்குள் வேர் விட்டுச் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி. மரத்தில் வளரும் ஆர்க்கிட் அப்படி இல்லை. மரக்கிளை அதற்கு உட்கார இடம் மட்டுமே. தண்ணீரும் சத்தும் மழை, காற்று, பட்டையில் சேரும் மக்கு ஆகியவற்றிலிருந்து கிடைத்துவிடும். இதைத் தொற்றுத் தாவரம் என்பார்கள்.

பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை

அடுத்த திருப்பம் 1922-ல் வந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் ஒரு எளிய கேள்வி கேட்டார். பூஞ்சை தருவது சர்க்கரைதான் என்றால், அதை நாமே கொடுத்துவிட்டால் என்ன?

கண்ணாடிக் குடுவையில் அகர், சர்க்கரை, சில தாது உப்புகள் கலந்து, கிருமி நீக்கி, அதன் மேல் விதையைத் தூவினார். பூஞ்சை இல்லாமலேயே முளைத்தது. அவர் 1946-ல் வெளியிட்ட 'நட்சன் சி' என்ற கலவை இன்றும் ஆய்வகங்களில் பயன்பாட்டில் இருக்கிறது. இன்று பூக்கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் ஆர்க்கிட் குவிவதற்கு அடிப்படை இந்தக் குடுவை வளர்ப்புதான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரைக் கலவை ஆர்க்கிட்டுக்கு மட்டும் விருந்து இல்லை. காற்றில் மிதக்கும் ஒவ்வொரு பூசண வித்துக்கும் பாக்டீரியாவுக்கும் அது விருந்து. அவை ஆர்க்கிட்டைவிடப் பல மடங்கு வேகமாக வளரும். ஒரே ஒரு பூசண வித்து உள்ளே போனாலும் ஒரு வாரத்தில் பாட்டில் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். அதனால் வீட்டில் ஆர்க்கிட் விதை வளர்ப்பது என்பது முக்கால்வாசி சுத்தம் சம்பந்தப்பட்ட வேலை.

வீட்டில் செய்வது எப்படி?

1. பூவும் காயும்

உண்மையான விதை கிடைக்க நம்பகமான வழி, வீட்டில் இருக்கும் ஆர்க்கிட் பூவை நாமே காய்க்க வைப்பதுதான். தாமிரபரணிக் கரையின் வெப்பத்தைத் தாங்குபவை டென்ட்ரோபியம் கலப்பினங்களும் வாண்டா வகைகளும். பூவின் நடுவில் ஒரு சின்னத் தூண் இருக்கும். அதன் நுனியில் உள்ள மூடியைப் பல்குச்சியால் மெல்லத் தட்டினால், மஞ்சள் நிறத்தில் மகரந்தக் கட்டி ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தூணின் உட்புறத்தில் பசை போல இருக்கும் குழிக்குள் வைத்துவிட வேண்டும். கூடியவரை ஒரு செடியின் மகரந்தத்தை அதே வகையைச் சேர்ந்த இன்னொரு செடியின் பூவுக்கு வைப்பது நல்லது.

சில நாளில் பூ வாடும். காம்பு பருத்துக் காயாகும். டென்ட்ரோபியத்தில் காய் முதிர மூன்று முதல் ஐந்து மாதங்கள் ஆகலாம். ஃபெலனாப்சிஸ் வகைக்கு நான்கு முதல் ஆறு மாதங்கள். வாண்டாவுக்கு ஓராண்டுகூட ஆகும்.

காய் வெடிப்பதற்கு முன்பு, பச்சையாக இருக்கும்போதே பறிப்பதுதான் வீட்டில் செய்பவர்களுக்கு வசதி. மூடிய காய்க்குள் இருக்கும் விதையில் கிருமி இருக்காது. வெளித்தோலை மட்டும் சுத்தம் செய்தால் போதும்.

2. சோறு சமைப்பது

ஒரு லிட்டர் கலவைக்குச் சர்க்கரை 20 கிராம், அகர் பொடி சுமார் 8 கிராம், நீரில் கரையும் 19:19:19 உரம் 1 முதல் 2 கிராம், இளநீர் 100 முதல் 150 மில்லி. இது வீட்டு முறை. ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் ஆர்க்கிட் விதைக்கென்றே தயாரித்த கலவைப் பொடி கிடைக்கிறது. தாது உப்புகள் சரியான அளவில் இருப்பதால் முதல் முறை செய்பவர்களுக்கு அதுவே பாதுகாப்பு.

இளநீர் ஏதோ பாட்டி வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். இளந்தேங்காயின் தண்ணீரும் ஒரு கருவூண்தான், திரவ வடிவில் இருக்கிறது, அவ்வளவே. செல்கள் பெருகத் தூண்டும் பொருள்கள் அதில் உண்டு. அதனால் ஆர்க்கிட் ஆய்வகங்களிலும் இளநீரைச் சேர்ப்பது வழக்கம்.

அகரும் நமக்கு அந்நியமில்லை. மளிகைக் கடையில் கடல்பாசி, சைனா கிராஸ் என்று கேட்டு வாங்கி, நோன்புக் காலத்தில் இனிப்பு செய்வார்களே, அதுதான். தாமிரபரணி போய்ச் சேரும் மன்னார் வளைகுடாவின் கரையில், ராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் பாசிகளிலிருந்தும் அகர் தயாராகிறது. கடையில் வாங்கும் அகரின் கெட்டித்தன்மை மாறுபடும். ஆகவே முதலில் கொஞ்சமாகச் செய்து, ஆறியதும் ஜெல்லி போல உறைகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் கரைத்த பிறகு, பிஎச் தாளில் தொட்டுப் பார்த்தால் 5.5 அருகில் இருக்க வேண்டும். அதாவது லேசான புளிப்பு. கூடுதலாக இருந்தால் ஓரிரு துளி எலுமிச்சைச் சாறு விடலாம். பிறகு அகர் கரையும் வரை கொதிக்க வைத்து, வெப்பம் தாங்கும் கண்ணாடி பாட்டில்களில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்ற வேண்டும்.

3. குக்கர்

கொதிக்கும் தண்ணீரின் 100 டிகிரி சில பாக்டீரியா வித்துகளைக் கொல்லப் போதாது. 121 டிகிரி வேண்டும். அந்த வெப்பத்தைச் சாதாரண அடுப்பில் தரக்கூடிய ஒரே பாத்திரம் பிரஷர் குக்கர். ஆய்வகத்தில் இருக்கும் ஆட்டோகிளேவும் அடிப்படையில் பெரிய குக்கர்தான்.

பாட்டில் மூடியை இறுக்காமல் லேசாக வைத்து, மேலே அலுமினியத் தாள் சுற்றி, அடியில் தட்டும் தண்ணீரும் வைத்த குக்கரில் அடுக்க வேண்டும். முதல் விசில் வந்த பிறகு தீயைக் குறைத்து 20 நிமிடம். அழுத்தம் தானாக அடங்கிய பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் பாட்டிலில் உள்ள கலவை பொங்கி வழியும், கையும் வெந்துவிடும்.

ஆறியதும் மூடியை இறுக்கி ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள். எந்த பாட்டிலில் பூசணம் வரவில்லையோ, அதில் மட்டும் விதைக்கலாம்.

4. விதைப்பு

ஆய்வகத்தில் வடிகட்டிய காற்று வீசும் மேஜை இருக்கும். வீட்டில் அதற்குப் பதில் ஒரு பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா போதும். கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் கை நுழைய இரண்டு ஓட்டை. உள்ளே காற்று அசையக் கூடாது என்பதுதான் நோக்கம். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடி, டப்பாவின் உட்புறத்தைப் பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும்.

பச்சைக் காயைச் சோப்பு போட்டுக் கழுவி, பிளீச்சிங் திரவத்தில் 15 முதல் 20 நிமிடம் ஊற வைக்க வேண்டும். குக்கரில் வேகவைத்த கத்தியால் டப்பாவுக்குள் வைத்தே வெட்டி, உள்ளே இருக்கும் பொடியைப் பாட்டிலில் மெல்லத் தூவி, உடனே மூடிவிட வேண்டும்.

காய் வெடித்து விதை உலர்ந்துவிட்டால், ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் கலந்து, அதில் விதையைப் பத்து நிமிடம் ஊற வைக்கலாம். பிறகு குக்கரில் கிருமி நீக்கிய தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். பிளீச்சிங் திரவத்தை ஆசிட்டோடும், கழிவறை சுத்தம் செய்யும் திரவத்தோடும் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். அதேபோல, ஸ்பிரிட் தெளித்த டப்பாவுக்குள் விளக்கோ தீக்குச்சியோ கொண்டுபோகக் கூடாது. குபீரென்று பற்றிக்கொள்ளும்.

5. காத்திருப்பு

முதல் பத்து நாளில் பூசணம் வராவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம். சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் விதைகள் உப்பி, குண்டூசித் தலை போலப் பச்சை உருண்டைகளாக மாறும். இந்த நிலைக்குப் புரோட்டோகார்ம் என்று பெயர். இதற்கு வேரும் கிடையாது, இலையும் கிடையாது. பிறகுதான் மெதுவாக இலை, அப்புறம் வேர்.

நெருக்கமாகிவிட்டால் புதிய பாட்டில்களுக்கு நாற்றைப் பிரித்து மாற்ற வேண்டும். இந்தக் கட்டத்தில் கலவையோடு லிட்டருக்கு 50 கிராம் அளவில் கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்ப்பவர்கள் உண்டு. விதைத்ததிலிருந்து சுமார் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டில் நாற்று வெளியே வரத் தயாராகும். அகரைக் கழுவிவிட்டு, தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, ஓட்டுச் சில்லு கலந்த தொட்டியில் நிழலில் வைக்க வேண்டும். பாட்டிலுக்குள் ஈரக்காற்றில் வளர்ந்த பிள்ளை என்பதால், முதல் சில வாரங்கள் மேலே ஒளிபுகும் மூடி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும்.

பூ எப்போது? எல்லாம் சரியாக நடந்தால் டென்ட்ரோபியம் மூன்று, நான்கு ஆண்டுகளில் பூக்கலாம். வாண்டாவுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகும். இன்று மகரந்தம் வைக்கும் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், அது பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் முதல் பூ.

நெல்லைச் சீமை வெயிலில் எது தவறும்?

பெரும்பாலும் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, மேலே சொன்ன சுத்தம். இன்னொன்று, பாட்டிலை எங்கே வைக்கிறோம் என்பது.

செடிக்கு வெளிச்சம் வேண்டுமே என்று பாட்டிலை ஜன்னல் வெயிலில் வைத்துவிடுவார்கள். மூடிய கண்ணாடிக்குள் சூடு வெளியேற வழியில்லை. சித்திரை வெயிலில் ஒரே மதியத்தில் நாற்று வெந்துவிடும். நேரடி வெயில் படாத, 25 டிகிரியை ஒட்டிய வெப்பம் உள்ள அறைதான் சரியான இடம். தகரக் கூரைக்கு அடியிலோ, கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே உள்ள மாடி அறையிலோ வைப்பதைவிட, தரைத்தளத்தில் வடக்குப் பார்த்த அறை மேல். சாதாரண எல்இடி விளக்கு வெளிச்சம் போதும்.

மகரந்தம் வைக்கும் நாளையும் காலண்டர் பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிடலாம். நான்கு மாதத்தில் காய் முதிரும் டென்ட்ரோபியத்துக்கு ஆவணி கடைசியில் மகரந்தம் வைத்தால், விதைப்பு மார்கழி, தை மாதங்களில் அமையும். முளைக்கும் ஆரம்ப வாரங்களாவது கோடைக்குத் தப்பிக்கும்.

விதை ஒன்று போட்டால் வேறு ஒன்று முளைக்குமா?

விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று ஊரில் சொல்வார்கள். கடையில் விற்கும் ஆர்க்கிட்டுகளைப் பொறுத்தவரை, கிட்டத்தட்ட அப்படித்தான் நடக்கும். அவற்றில் பெரும்பாலானவை பல தலைமுறைக் கலப்பினங்கள். ஊதாப் பூவின் விதையிலிருந்து வெள்ளையும் வரலாம், வெளிறிய இளஞ்சிவப்பும் வரலாம். ஒரே காயில் பிறந்த நூறு செடியும் நூறு மாதிரி இருக்கும்.

அதனால்தான் "நீல ஆர்க்கிட் விதை" என்று படம் போட்டு விற்பதை நம்ப முடியாது. சந்தையில் பளிச்சென்ற நீலத்தில் வரும் ஃபெலனாப்சிஸ் பூக்களில் பெரும்பாலானவை சாயம் ஏற்றியவை. அந்தச் செடி அடுத்த முறை வெள்ளையாகப் பூக்கும். குறிப்பிட்ட ஒரு நிறம்தான் வேண்டும் என்றால், விதையை விட்டுவிட்டுத் திசு வளர்ப்பில் பெருக்கிய செடியை வாங்குவதே சரி.

இவ்வளவு சிரமப்பட வேண்டுமா? காட்டிலிருந்து எடுத்தால் என்ன?

இந்தக் கேள்விக்குத் தாமிரபரணி பிறக்கும் மலையே பதில் சொல்லும்.

ஆழ்வார்திருநகரியிலிருந்து ஆற்றின் போக்கில் எதிர்த்திசையாக மேற்கே போனால், ஸ்ரீவைகுண்டம், நெல்லை, பாபநாசம் தாண்டிப் பொதிகை. தமிழ்நாடு, கேரள எல்லையில் உள்ள இந்த அகத்தியமலைப் பகுதியில் மட்டும் ஒரு ஆர்க்கிட் வளர்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. பாபியோபெடிலம் ட்ரூரி என்பது அதன் அறிவியல் பெயர். மஞ்சள் இதழின் நடுவில் பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு கோடு, கீழே செருப்பின் முன்பகுதி போன்ற பை. ஹெபர் ட்ரூரி என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் நினைவாக, 1874-ல் தாவரவியலாளர் பெடோம் இதற்குப் பெயர் வைத்தார்.

அந்த அழகே அதற்கு வினையானது. செடி சேகரிப்பவர்களுக்காக வேரோடு பிடுங்கப்பட்டது. காட்டுத் தீயும் சேர்ந்துகொண்டது. இன்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில், அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் இது. வெறுங்கையோடு கிளம்பும் விதை, சரியான பூஞ்சை கிடைத்து, செடியாகி, பூக்க ஆண்டுக்கணக்காகும். பிடுங்குவதற்கு ஒரு நிமிடம் போதும். இந்தக் கணக்கு ஒருபோதும் சரிக்கட்டாது.

சட்டமும் கடுமையானது. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில், செருப்புப் பூ போன்ற இந்த வகை ஆர்க்கிட்டுகள், நீல வாண்டா, சிவப்பு வாண்டா ஆகியவை பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் உள்ளன. காட்டிலிருந்து பறிப்பதும், உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். சைட்ஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் கீழ் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதே ஒப்பந்தம், கிருமி நீக்கிய பாட்டிலில் செயற்கையாக வளர்த்த நாற்றுகளுக்கு நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது. குடுவையில் வளர்ந்த நாற்றால் காட்டுக்கு நஷ்டம் இல்லை என்பதுதான் காரணம்.

பாட்டிலில் வளர்ந்தவை காட்டுக்குத் திரும்பவும் முடியும். அதே மலைத்தொடரின் மறுபக்கம், திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் மஞ்சள் பூ ஆர்க்கிட்டான வாண்டா ஸ்பாதுலாட்டாவை அங்குள்ள விஞ்ஞானிகள் திசு வளர்ப்பில் பெருக்கி, மீண்டும் காட்டில் நட்டு வளர்த்தார்கள். 2003-ல் அந்த ஆய்வு வெளியானது. தமிழ்நாட்டிலேயே காட்டு ஆர்க்கிட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றால், 1963 முதல் ஏற்காட்டில் இயங்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகலாம்.

வாங்கும் முன் என்ன கவனிக்க வேண்டும்?

* 'தொட்டியில் தூவினால் முளைக்கும்' என்று சொல்லும் ஆர்க்கிட் விதை பாக்கெட்டை வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால், பொருளும் விளம்பரமும் பொருந்தவில்லை என்று படத்தோடு புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

* அனுப்பியவர் யார் என்றே தெரியாத வெளிநாட்டு விதைப் பொட்டலம் வந்தால் மண்ணில் போடக் கூடாது. புதிய களையோ நோயோ வயலுக்குள் வந்துவிடும் ஆபத்து உண்டு. வேளாண் அலுவலகத்தில் ஒப்படைப்பது நல்லது.

* சந்தையிலோ மலைப்பாதையிலோ, பாசியும் பட்டையும் ஒட்டிய வேரோடு ஆர்க்கிட் விற்றால் அது காட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். தவிர்த்துவிடுங்கள்.

* முதல் முறை வளர்ப்பவர்கள் விதையில் ஆரம்பிக்க வேண்டாம். நர்சரியில் டென்ட்ரோபியம் நாற்று வாங்கி ஓராண்டு காப்பாற்றிப் பாருங்கள். சில டென்ட்ரோபியம் செடிகள் தண்டின் கணுவிலேயே குட்டி விடும். வேர் வந்ததும் அதைப் பிரித்து நடலாம்.

* அந்தச் செடி பூத்த பிறகு, ஒரு பூவில் மகரந்தம் வைத்துப் பாருங்கள். காய் பிடித்தால், கலவை தயார் செய்யவும் பாட்டில் சேர்க்கவும் நான்கு மாதம் அவகாசம் இருக்கிறது. பத்து பாட்டில் விதைத்தால் முதல் தடவை ஏழெட்டில் பூசணம் வரலாம். சுத்தமாக நிற்கும் இரண்டில் நூறு நாற்றாவது இருக்கும். ஒரு வீட்டு மாடிக்கு அதுவே அதிகம்.